செத்த பிறகும் விடாத எக்ஸ்ரேக்காரர்: என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தலைப்பு, 'மரணத்தை வென்ற காதல்'. அமெரிக்காவில் ஒரு தீவு. அங்கே ஓர் ஆஸ்பத்திரி ஊழியர், வைத்தியத்துக்கு வந்து இறந்துபோன பெண்ணின் உடலைக் கல்லறையிலிருந்து எடுத்துப்போய் ஏழு வருஷம் வீட்டில் வைத்திருந்தார். பின்னணியில் வயலின் வேறு. நம் ஆட்கள் இதயத்தையும் கண்ணீர் பொம்மையையும் போட்டுத் தள்ளிவிட்டார்கள்.

நான் மலேசியாவின் பினாங்கில் முப்பத்தோரு வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த ஆளும் எக்ஸ்ரேக்காரர். போதாதா? "அக்கா, இது உண்மையா?", "சித்தி, அப்படியெல்லாம் செய்ய முடியுமா?" என்று கேள்விகள் என் பக்கம் திரும்பின. தொலைபேசியில், தண்ணீர்மலைக் கோவில் படிக்கட்டில், ஒரு காதுகுத்துச் சாப்பாட்டில்கூட. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

இது நிஜமாகவே நடந்ததா?

நடந்தது. இடம், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தென்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் தீவு. ஆளின் பெயர் கார்ல் டான்ஸ்லர். 1877-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். 1926-ல் அமெரிக்கா வந்து, கீ வெஸ்ட்டில் இருந்த மரீன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தன்னைக் 'கவுண்ட் கார்ல் வான் கோசெல்' என்று சொல்லிக்கொண்டார். கவுண்ட் என்றால் பிரபு. அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

1930 ஏப்ரலில் ஒரு தாய் தன் மகளை அந்த ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தாள். மகள் பெயர் எலெனா மிலாக்ரோ டி ஹோயோஸ். கியூபாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், அப்பாவுக்குச் சுருட்டு சுற்றும் தொழில். எலெனாவுக்கு அப்போது இருபது வயது. டான்ஸ்லருக்கு ஐம்பத்து மூன்று. அவளுக்கு டிபி, அதாவது காசநோய். அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட மரணச் சீட்டு. 1931 அக்டோபர் 25-ல் இறந்துபோனாள், இருபத்திரண்டு வயதில்.

இறுதிச் செலவை டான்ஸ்லர் ஏற்றுக்கொண்டார். குடும்பத்தின் சம்மதத்தோடு கீ வெஸ்ட் கல்லறையில் தரைக்கு மேலே ஒரு சின்ன மண்டபம் கட்டி அதில் உடலை வைத்தார். கிட்டத்தட்ட ஒவ்வோர் இரவும் அங்கே போய் உட்கார்ந்தார். 1933 ஏப்ரலில் ஒருநாள் இரவு உடலை வெளியே எடுத்து, குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியில் வைத்து வீட்டுக்கு இழுத்துப்போனார். 1940 அக்டோபரில்தான் பிடிபட்டார்.

அவர் டாக்டர்தானே? வீடியோவில் டாக்டர் என்று சொன்னார்களே.

இல்லை. பட்டங்கள் நிறைய வாங்கியிருப்பதாக அவரே சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவர் வேலை எக்ஸ்ரே படம் எடுப்பது. நானும் அதைத்தான் செய்தேன். தோட்டத்தில் வளர்ந்த என் மாமியார் கடைசிவரை என்னை 'டாக்டரம்மா' என்றுதான் ஊரில் அறிமுகப்படுத்தினார். நான் மறுத்தாலும் கேட்க மாட்டார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஜனம் தானாகக் கொடுக்கும் மரியாதை அது. அதைத் திருத்தாமல் வாங்கி வைத்துக்கொண்டால் பல கதவுகள் திறக்கும். டான்ஸ்லர் அதோடு நிற்கவில்லை, நானே வைத்தியம் பார்க்கிறேன் என்று எலெனாவின் வீட்டுக்குள் போனார். மருந்து, எக்ஸ்ரே கருவி, மின்சாரக் கருவி எல்லாவற்றையும் அவள் வீட்டுக்கே கொண்டுபோனார்.

எக்ஸ்ரே கொடுத்தால் டிபி குணமாகுமா?

ஆகாது. ராண்ட்கன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு கொஞ்ச காலம் அதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைத்தார்கள். நெஞ்சுக்குள் டிபி இருக்கிறதா, எவ்வளவு பரவியிருக்கிறது என்று அது காட்டும். கிருமியைக் கொல்லாது. ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, இவைதான் அன்றைய வைத்தியம். டிபிக்கு முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1943-ல். அடுத்த பெரிய மருந்து ஐசோனியாசிட் வந்தது 1952-ல். டான்ஸ்லர் செத்ததும் அதே 1952-ல்தான்.

நம் நாட்டில் தேசிய டிபி ஒழிப்புத் திட்டம் 1961-ல் தொடங்கியது. என் காலத்தில் டிபி என்று படத்தில் தெரிந்தால் ஆறு மாத மாத்திரை, நேரில் வந்து மிஸ்ஸி, அதாவது நர்ஸ், முன்னால் விழுங்க வேண்டும். பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் கூட வந்த அம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். "வெளியே சொல்லிடாதீங்கம்மா, பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்பார்கள். மருந்து இருக்கிற காலத்திலேயே இந்த நிலை. மருந்தே இல்லாத காலத்தில், காசும் இல்லாத வீட்டில், 'நான் காப்பாற்றுகிறேன்' என்று ஒருவர் பெட்டியோடு வந்து நின்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

எலெனாவுக்கும் அவர்மேல் விருப்பம் இருந்ததா?

இருந்ததற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. அவர் நகை கொடுத்தார், உடை கொடுத்தார், காதலிக்கிறேன் என்று சொன்னார். அவள் பதிலுக்குக் காதலித்தாள் என்று காட்ட ஒரு கடிதமோ சாட்சியோ வெளிவரவில்லை. எலெனாவுக்கு 1926-லேயே கல்யாணம் ஆகியிருந்தது. கரு கலைந்த பிறகு கணவன் விட்டுவிட்டு மயாமிக்குப் போய்விட்டான். ஆனால் சட்டப்படி அவள் அவன் மனைவியாகவே இருந்தாள்.

அப்படியானால் டான்ஸ்லருக்கு அவள்தான் என்று எப்படித் தோன்றியது? சின்ன வயதில் கோசெல் சீமாட்டி என்ற முன்னோரின் ஆவி வந்து, கறுத்த கூந்தல் அழகி ஒருத்தியின் முகத்தைக் காட்டி, 'இவள்தான் உன்னவள்' என்று சொன்னதாம். கோசெல் சீமாட்டி சரித்திரத்தில் இருந்தவர்தான், சாக்சனி அரசனின் ஆசைநாயகி. ஆவி வந்த கதை டான்ஸ்லருடையது. எலெனா அறைக்குள் நுழையும் முன்பே அவளுக்கான பாத்திரம் எழுதி முடிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்து என்ன சொன்னாள் என்பது அந்த நாடகத்துக்குத் தேவையே இல்லை.

நம் தொல்காப்பியத்தில் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்பார்கள். அதற்குக் கொடுத்திருக்கும் அடையாளம் 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்'. பதில் வராமலே தான் பேசிப் பேசித் தானே மகிழ்வது. பள்ளியில், படிவம் ஐந்தில், மனப்பாடம் செய்தபோது இதைப் பிணத்தோடு பேசும் ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

ஏழு வருஷம் உடல் எப்படிக் கெடாமல் இருந்தது?

கெட்டுத்தான் போனது. இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோவில் 'அழியாத அழகு' என்று போட்டிருந்தார்கள். எடுத்தபோதே உடல் ஒன்றரை வருஷம் பழையது, கீ வெஸ்ட்டோ நம் ஊர் மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள இடம். எலும்புகளைக் கம்பியாலும் துணி மாட்டும் கொக்கியாலும் இணைத்தார். கண்ணுக்குப் பதில் கண்ணாடிக் கண். தோல் போகப் போக, மெழுகிலும் பிளாஸ்டர் மாவிலும் நனைத்த பட்டுத் துணியை ஒட்டினார். நெஞ்சும் வயிறும் அமுங்காமல் இருக்க உள்ளே கந்தல் துணி. நாற்றத்துக்கு வாசனைத் திரவியமும் கிருமிநாசினியும். கையுறை, காலுறை, நகை எல்லாம் போட்டுத் தன் படுக்கையிலேயே வைத்திருந்தார்.

முடியும் கொட்டியது. எலெனாவின் தாய் தன் மகளின் கூந்தலைச் சேர்த்து வைத்திருந்தார். அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில், துக்கத்தில் பங்கெடுத்த நல்ல மனுஷன் என்று நினைத்து அதை டான்ஸ்லரிடமே கொடுத்திருந்தார். அந்தக் கூந்தலை வைத்துத்தான் அவர் சவரி செய்து மாட்டினார்.

1940-ல் கண்டுபிடித்தபோது அங்கே இருந்தது பெரும்பாதி மெழுகும் துணியும். அதைத்தான் அழியாத அழகு என்கிறார்கள்.

குடும்பத்துக்கு எப்படித் தெரியாமல் போனது?

மண்டபத்துச் சாவி அவரிடம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. பணம் போட்டுக் கட்டியவரை யார் சந்தேகப்படுவார்கள்? கடைசியில் அக்கா ஃபுளோரிண்டாவின் காதில் வதந்தி விழுந்தது. வீட்டில் அவளை நானா என்று கூப்பிடுவார்கள். அவளே அவர் வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் கேட்டாள். பிறகுதான் போலீஸ் வந்தது.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் யாரையாவது பற்றிப் படம் எடுக்க வேண்டுமானால் நானாவைப் பற்றித்தான் எடுக்க வேண்டும். நானாவும் அதே டிபியில்தான் 1944-ல் போய்ச் சேர்ந்தாள்.

பிடிபட்டும் ஏன் தண்டனை இல்லை?

மனநல மருத்துவர்கள் பரிசோதித்து, வழக்கைச் சந்திக்கும் தெளிவு இருக்கிறது என்றார்கள். கல்லறையைச் சிதைத்து அனுமதியில்லாமல் உடலை எடுத்தது என்று குற்றம் சாட்டினார்கள். ஆனால் எடுத்தது 1933-ல். வழக்குப் போடுவதற்கான காலக்கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடியாகிவிட்டது. நன்றாக ஒளித்து வைத்தால் லாபம் என்று ஆனது.

ஊர் ஜனம் என்ன சொன்னது?

நம் வாட்ஸ்அப் குழு சொன்னதைத்தான். பாவம், காதல் பைத்தியம், என்ன ஒரு விசுவாசம். கண்டெடுத்த உடலை ஓர் ஈமச்சடங்கு நிலையத்தில் பார்வைக்கு வைத்தார்கள். 6,800 பேர் வரை வந்து பார்த்ததாகக் கணக்கு. உயிரோடு இருந்தபோது நோய்க்கு ஒரு நல்ல மருந்து கிடைக்காத பெண்ணுக்கு, செத்து ஒன்பது வருஷம் கழித்து அவ்வளவு கூட்டம்.

அவர் அந்த உடலோடு… (பாதியில் நிறுத்திவிட்டார்கள்)

இதைக் கேட்ட நால்வரும் ஆண்கள், நால்வரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். 1940 விசாரணையில் அப்படி ஒரு பேச்சு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1972-ல்தான், உடலைப் பரிசோதித்த மருத்துவர் தரப்பிலிருந்து அந்தக் குற்றச்சாட்டு வந்தது. அதை ஏற்காதவர்களும் உண்டு. அது உண்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் கருத்து மாறாது. அனுமதியில்லாமல் எடுத்துப்போய்ப் படுக்கையில் கிடத்தியதே போதும்.

அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இல்லையா?

இருந்தார்கள். வீடியோவில் இதைச் சொல்லவே இல்லை. மனைவி டோரிஸ், இரண்டு மகள்கள். குடும்பம் ஃபுளோரிடாவிலேயே வேறொரு ஊரில் இருந்தது. இளைய மகள் கிளாரிஸ்டா 1934-ல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள், பத்து வயதில். அதாவது எலெனாவின் உடலை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த மறுவருஷம்.

இது மனநோய் இல்லையா? பைத்தியக்காரரைத் திட்டி என்ன பயன்?

நியாயமான கேள்வி. என் தங்கை மகள் கேட்டது, மனநலப் பிரிவில் மிஸ்ஸியாக இருக்கிறாள். பிரிவுத் துயரம் அளவுக்கு மீறி நீளுவதை இப்போது ஒரு நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதேபோல், எதிரில் இருப்பவர் தன்னைக் காதலிக்கிறார் என்று ஆதாரமே இல்லாமல் நம்பும் பிரமையும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் டி கிளெராம்போ 1921-ல் அதை விவரமாக எழுதினார். டான்ஸ்லருக்கு இரண்டில் எது, அல்லது இரண்டுமா, என்று தொண்ணூறு வருஷம் தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்வது?

ஆனால் ஒன்று. ரோஸ்மன், ரெஸ்னிக் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், பிணத்தின்மேல் ஆசை வைத்தவர்கள் பற்றிய 122 சம்பவங்களை அலசி 1989-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அடிக்கடி தென்பட்ட காரணம், 'எதிர்க்காத, மறுக்காத துணை வேண்டும்' என்பது. படித்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். வீடியோவில் 'விசுவாசம்' என்று சொன்னதற்கு அந்த மருத்துவர்கள் எழுதிய பெயர் அதுதான்.

நோயாளி என்பதால் இரக்கம் காட்டலாம், காட்ட வேண்டும். நோயைக் காதல் என்று பெயர் மாற்றினால் எலெனாவின் பக்கம் காணாமல் போய்விடுகிறது. என் கோபம் அதில்தான்.

நீங்களும் அந்த வேலை செய்தவர். அந்த ஆளை உங்களுக்குக் கொஞ்சமாவது புரிகிறதா?

புரிகிறது. அதனால்தான் பயம்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதைச் சொல்கிறேன். ஒரு பெண் உள்ளே வருவாள். கதவைச் சாத்துவோம். உடை மாற்றி ஆஸ்பத்திரி கவுன் போட்டுக்கொள்ளச் சொல்வோம், முடிச்சு முதுகுப் பக்கம். சங்கிலி இருக்கக் கூடாது, படத்தில் வெள்ளைக் கோடாக விழும். நம் பெண்களிடம் இங்கேதான் ஒரு தயக்கம் வரும்: தாலி. மாமியார் கூட வந்திருந்தால் கண் வாசல் பக்கம் போகும். கழற்ற மனமில்லாதவர்களை மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொல்வேன். கழற்றுகிறவர்கள் என் கையில் தருவார்கள். உடம்புச் சூடு அதில் இருக்கும். மேசைமேல் வைக்க எனக்கு என்னவோ வராது. படம் எடுத்து முடியும்வரை இடது உள்ளங்கையிலேயே வைத்திருப்பேன், வலது கையால் பொத்தானை அழுத்துவேன்.

அதற்கு முன்னால் நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்க வைத்து, மோவாயைத் தூக்கி, கையை இடுப்பில் வைத்து முழங்கையை முன்னால் தள்ளச் சொல்ல வேண்டும். சிலருக்குத் தோளைத் தொட்டுத்தான் சரிசெய்ய முடியும். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடாதீங்க." பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) வந்தால் அதையே மலாயில் "தாரிக் நாஃபாஸ், தாஹான்." முன்பின் தெரியாத ஆள் சொன்னதற்காக ஒரு மனுஷி தன் மூச்சையே நிறுத்துகிறாள். "விடுங்க" என்று நாம் சொன்ன பிறகுதான் விடுகிறாள்.

ஒரு நாளைக்கு நாற்பது பேர், அறுபது பேர் இப்படி. இது வைத்தியத்துக்காக நம்மிடம் கொடுத்த கீழ்ப்படிதல். நமக்கே நமக்காகக் கொடுத்தது என்று ஒருவருக்குத் தோன்ற ஆரம்பித்தால், அங்கே டான்ஸ்லர் தொடங்கிவிடுகிறார்.

நம் ஊரில் இப்படி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

இந்த அளவுக்கு இல்லை. ஒன்று சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள்.

என்னோடு வேலை பார்த்த ஓர் இளைஞன், நல்ல பையன், வேலையில் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ரத்தப் புற்றுநோயோடு அடிக்கடி வருவாள். இவன்தான் சக்கர நாற்காலியில் கூட்டிவருவான். அவள் இறந்துவிட்டாள். ஒருமாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அது இயற்கை. அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். முதலில் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. எட்டு மாதம் ஆகியும் நிற்கவில்லை. அந்த அம்மா என்னைத் தேடி வந்து, கைப்பையைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "என் மக அந்தத் தம்பிக்கு ஏதாவது வாக்குக் கொடுத்துட்டாளாம்மா? அவ ரூமைப் பார்க்கணும்னு கேக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

அவனை டீ குடிக்கக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அழுதான். மறுநாள் ஒரு பெரிய பழுப்பு உறையைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரே. அப்போதெல்லாம் படம் ஃபிலிமில்தான். மெத்தைக்கு அடியில் வைத்திருந்தானாம். "இதுல அவ மூச்சு இருக்குக்கா, நான் சொல்லித்தான் பிடிச்சா" என்றான். முப்பத்தோரு வருஷத்தில் அந்த வேலையைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. என் முதுகு சில்லிட்டதும் அந்த வாக்கியத்தில்தான்.

படத்தைப் பதிவறையில் சேர்த்தேன். பழைய ஃபிலிம்களை வெள்ளி பிரித்தெடுக்க அனுப்புவார்கள், அதோடு அதுவும் போயிருக்கும். மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆலோசகரிடம் போனான், பிறகு வேறு பிரிவுக்கு மாறினான். கல்யாணப் பத்திரிகை வந்தது. போனேன், மொய் வைத்தேன், சாப்பிட்டேன்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

தண்டனைச் சட்டத்தின் 297-ஆம் பிரிவு. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே இடுகாட்டில் அத்துமீறுவதும், மனித உடலை அவமதிப்பதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஓராண்டுதானா என்று என் தம்பி கேட்டான், எனக்கும் அது குறைவாகத்தான் படுகிறது. ஆனால் ஏழு வருஷம் ஒளித்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற கணக்கு இங்கே பொதுவாகப் பலிக்காது, குற்ற வழக்குகளுக்கு அந்த மாதிரிக் கெடு இல்லை.

உயிரோடு இருப்பவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதை 2023-ல் 507ஏ என்ற பிரிவாகச் சேர்த்தார்கள், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. எக்ஸ்ரே ஊழியர்களும் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள்.

மற்றபடி, நம்மவர்கள் பலர் பினாங்கின் பத்து லஞ்சாங் சுடலையில் எரித்து, எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்துவிடுகிறோம். திருட என்ன இருக்கிறது?

நாமும் இறந்தவர்களின் பொருளை வைத்திருக்கிறோமே, அது மட்டும் சரியா?

என் அம்மாவின் அரக்குச் சேலை என் அலமாரியில்தான் இருக்கிறது. பூச்சி உருண்டை போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து மடிக்கிறேன். மூக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. இது வேறு. அந்தச் சேலையை அம்மா எனக்குக் கொடுத்தார், தன் வாயால், சுயநினைவோடு.

நம் சடங்குகளைக் கவனித்துப் பாருங்கள். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். சின்ன வயதில் பேய் பிடிக்கும் என்று சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் வீட்டைக் கழுவி, விளக்கேற்றி, அவரவர் வேலையைப் பார்க்கப் போகச் சொல்கிறார்கள். அழாதே என்று யாரும் சொல்வதில்லை. போகிறவளைப் போகவிடு என்கிறார்கள். டான்ஸ்லரோ, எலெனாவின் ஆவியே தன்னைக் கல்லறையிலிருந்து எடுத்துப்போகச் சொன்னது என்றார். பாருங்கள், அங்கேயும் அவளுக்காக அவரே பேசுகிறார்.

எலெனாவின் ஆவி இன்னும் அலைகிறதாமே?

எனக்குத் தெரிந்து அலைந்தது 6,800 பேரும், இந்த வீடியோவும்தான்.

நர்சிங், எக்ஸ்ரே படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்?

நோயாளியின்மேல் பாசம் வரும். வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒரு நோயாளியைப் பார்ப்பதற்காக ஷிஃப்டை மாற்றிக்கொள்கிறாயா, அவர் வீட்டு முகவரியைப் பதிவேட்டில் தேடினாயா, அவரைப் பற்றிக் கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லக் கூசுகிறதா? கூசினால் அன்றைக்கே ஒரு மூத்தவரிடம் போய்ச் சொல்லிவிடு. டீ அவர் வாங்கித் தருவார். நானும் அப்படி ஒருமுறை வாங்கிக் குடித்தவள்தான், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கடைசியில் அவர் என்ன ஆனார்? எலெனா இப்போது எங்கே?

டான்ஸ்லர் கீ வெஸ்ட்டை விட்டுப் போய், தன் கதையை எழுதி 1947-ல் ஒரு மலிவுப் பத்திரிகையில் வெளியிட்டார். 1950-ல் அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது. எலெனாவின் முகத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அதை வைத்து ஆளுயரப் பொம்மை செய்து, சாகும்வரை அதோடு இருந்தார். பொம்மையோடு இருந்ததில் எனக்குப் புகார் இல்லை. முதலிலேயே பொம்மை செய்திருக்கலாம்.

எலெனாவை மறுபடி கீ வெஸ்ட் கல்லறையிலேயே புதைத்தார்கள். இந்தத் தடவை பெயர்ப் பலகை கிடையாது, இடத்தையும் வெளியே சொல்லவில்லை. டான்ஸ்லர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

வீடியோவில் வந்த அந்தப் படம் எலெனாதானா?

இல்லை, அது மெழுகு. அவள் உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களும் கிடைக்கின்றன. இதை நான் குழுவில் எழுதினேன். வீடியோவைப் போட்டிருந்த பெரியத்தை அன்று இரவு ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் வீடியோவை அழித்திருந்தார். அதற்குக் கீழே, ஆடி வெள்ளிக்குக் கூழ் எத்தனை மணிக்கு, பாத்திரம் யார் கொண்டுவருவது என்று ஒரு குரல் பதிவு.